மறப்பது வேறு... மறைப்பது வேறு!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எப்படியும் எங்களைக் கவிழ்த்துவிடுவது என்று முடிவோடு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் யூனிபாரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரகடத்துத் தம்பி தங்கைகளே, திருப்பெரும்புதூர்த் தாய்மார்களே!

'நோயை வென்றவர் பழையதை மறப்பதே நலமா? நினைப்பதே நலமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் உருக்கமாச் சொன்னாங்க. "புற்றுநோய் வந்தது, போச்சு. அவனை நிம்மதியா மறக்க விடுங்களேன்"னு கேட்டாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். அம்மா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மனுஷன் மறந்துடுவான். அவன் ரத்தக்குழாய் மறக்குமா?

கதிர்வீச்சு சிகிச்சையை நம்ம ஊர்ல 'கரண்ட் வைக்கிறது'ன்னு சொல்வோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், 1957-லேயே கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது. அந்தக் கரண்ட் எத்தனை தாலியைக் காப்பாத்தியிருக்கு! (கைதட்டல்) அதைக் குறை சொல்ல நான் வரலை. டாக்டர் வைக்கச் சொன்னா, பயப்படாம வச்சுக்குங்க.

ஆனா, கட்டியை நோக்கிப் போகிற கதிர் வழியில இருக்கிறவங்களையும் கொஞ்சம் உரசிட்டுத்தான் போகும். கழுத்துல வச்சா, மூளைக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய்கள் அங்கே இருக்கு. இடது மார்புல வச்சா, பின்னாலேயே இதயம். குழாயின் உள்சுவர் புண்ணாகி, தடித்து, கொழுப்பு படிந்து, வழி குறுகிப்போகும். நாளைக்கே நடக்கிற காரியமில்லை. அஞ்சு வருஷம், பத்து வருஷம், இருபது வருஷம்கூட ஆகும்.

சுவீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை மார்பகப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்ட 2,168 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இதயத்தில் பட்ட கதிரை 'கிரே' என்று அளக்கிறார்கள். ஒரு கிரே கூடினால் மாரடைப்பு போன்ற இதயநோய் அபாயம் 7.4 சதவீதம் கூடுகிறது. நூத்துக்கு ஏழு பேர் போயிடுவாங்கன்னு அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கிற அபாயம் அந்த விகிதத்துல ஏறுது. எனக்கு ஆச்சரியம் அதுகூட இல்லை. 1958-ல வைத்தியம் பார்த்த காகிதத்தைப் பத்திரமா வச்சிருந்தாங்களே! நம்ம வீட்டுல மருத்துவ பைல் எங்கே இருக்கும்? பரண்மேல. ஓட்டைக் குடத்துக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவுல. (சிரிப்பு)

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். இந்தப் பக்கத்துல ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. 2006-ல தொண்டையில் புற்றுநோய் வந்து, கரண்ட் வச்சு, குணமாச்சு. பதினாலு வருஷம் கழிச்சு ஒருநாள் காலை, காபி டம்ளர் கையிலிருந்து நழுவுது. வாய் குழறுது. பத்து நிமிஷத்துல சரியாப் போச்சு. "பித்தம்"னார் அண்ணன். அண்ணி விடலை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அங்கே ஒரு சின்னப் பொண்ணு, டாக்டர். சுகர் இருக்கா, பிரஷர் இருக்கான்னு கேட்டுட்டு, கழுத்தையே பார்த்தாளாம். "ஐயா, இந்தப் பக்கம் மட்டும் தாடி வளரலையே, ஏன்?" அண்ணன் அண்ணியைப் பார்க்கிறார். அண்ணி தரையைப் பார்க்கிறாங்க. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. சாயங்காலமே ஸ்கேன். கழுத்துக்குழாயில் அடைப்பு. நேரத்துல போனதால பிழைச்சார்.

"ஏண்ணே இத்தனை வருஷமாச் சொல்லலை?"ன்னு கேட்டேன். "கம்பெனி செக்கப்புல எழுதினா அடுத்த மாசம் கேட்டுக்குள்ள விடுவானாடா? பொண்ணுக்கு வேற வரன் பார்த்துக்கிட்டிருந்தோம்"னார்.

நடுவர் அவர்களே, அவர் மறக்கலை. மறைச்சார்! (பலத்த கைதட்டல்) எதிரணிக்கு அந்த ஒரு 'ஐ' கண்ணில் படவே இல்லை. மார்பு வலிச்சா 'பழைய ஆபரேஷன் தழும்பு இழுக்குது'ன்னு வாயை மூடிக்கிட்டு சமைக்கிற தாய்மாரும் மறந்தவங்க இல்லை.

இந்த ஊரில் பிறந்த ராமானுஜர், குரு ரகசியமாச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்பது வைணவ மரபு. உங்களைக் கோபுரம் ஏறச் சொல்லலை. டாக்டர் காதுல மட்டும் சொல்லுங்க: எந்த வருஷம், எந்த இடத்துல, எவ்வளவு கரண்ட். அதைச் சிகிச்சை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் கேட்டு வாங்குங்க. தலை, கழுத்துப் பகுதியில் கதிர் பட்டவர்களுக்கு, தொந்தரவு ஒன்றும் இல்லாவிட்டாலும், அஞ்சு வருஷத்துக்குப் பிறகு கழுத்து ஸ்கேன் எடுக்கலாம். அப்புறம் அஞ்சிலிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஐரோப்பிய இதயநோய் மருத்துவச் சங்கம் 2022-ல் சொல்லியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற மாதிரி ஸ்கேன்தான். வலி கிடையாது, கதிரும் கிடையாது. மார்புல வச்சவங்களுக்கு எந்தச் சோதனை, எப்போ என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். சுகர், பிரஷர், கொழுப்பு கட்டுக்குள்ள இருக்கணும். பீடியை விட்டுடணும். அதை எங்க அண்ணனே இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கார்! (சிரிப்பு)

முன்வரிசையில் தொழிற்சாலை மருத்துவர்கள் இரண்டு பேர் இருக்கிறதா நடுவர் சொன்னார். ஐயா, உங்க செக்கப் படிவத்துல 'எப்போதாவது கரண்ட் வைத்ததுண்டா?' என்று ஒரு வரி சேருங்க. அந்தப் பதில் உங்க மேஜையைத் தாண்டி மேனேஜர் மேஜைக்குப் போகாதுன்னும் பக்கத்துலேயே அச்சடிச்சுக் கொடுங்க. எங்க அண்ணன் எழுதுவார்.

நடுவர் மணியைக் கையில் எடுத்துட்டார்.