நறுக்கி வைத்த காய்: கறுத்ததா, கெட்டதா?



நடவு, அறுவடை, காதுகுத்து, கல்யாணம் என்றால் முதல் நாள் இரவே காய்களை நறுக்கி வைப்பது நம் ஊர்களில் வழக்கம். விடிந்து கூடையைத் திறந்ததும் கேள்வி எழுகிறது: இதை அடுப்பில் ஏற்றலாமா, எருக்குழியில் கொட்டலாமா? பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அதனால் நல்ல காய் குப்பைக்குப் போகிறது. கெட்ட காய் பந்திக்கு வருகிறது.

கத்தரி, உருளை, வாழைப்பூ, வாழைத்தண்டு ஆகியவை நறுக்கிய சற்று நேரத்தில் கறுக்கும். கத்தி பட்ட இடத்திலுள்ள ஒருவகை நொதி, காற்றுடன் சேர்ந்து செய்யும் வேலை இது. மோர் கலந்த நீரில் போட்டால் அந்தப் புளிப்பு நொதியை மட்டுப்படுத்தும். இவ்வாறு கறுத்ததைத் தாராளமாகச் சமைக்கலாம். காரட்டின் மேல் வெண்மை படர்ந்தால் ஈரம் உலர்ந்துவிட்டது என்று பொருள், அதிலும் தீங்கில்லை.

கெட்டதற்கு அடையாளங்கள் வேறு. கையில் எடுத்தால் வழுக்கும் கொழகொழப்பு, புளித்த வாடை, பூசணி, வெள்ளரித் துண்டுகளில் நுரை, அடியில் தேங்கிய கலங்கல் நீர், பூஞ்சணப் படர்வு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அதைச் சமைக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த துண்டை மட்டும் பொறுக்கி எறிந்தால் போதாது. நீர்ச்சத்து மிகுந்த காயில் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். வெண்டைக்கு மட்டும் கொழகொழப்பை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள், அது அதன் பிறவிக்குணம். வாடையைப் பாருங்கள்.

இந்த அடையாளம் எதுவும் இல்லையென்றால் பயமில்லையா? அப்படியும் சொல்வதற்கில்லை. நோய் தரும் கிருமிகள் பெருகியிருந்தாலும் காய் பார்வைக்குப் புதிதாகவே இருக்கக்கூடும். வெப்பமும் ஈரமும் வாய்த்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்திற்கொரு முறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் 4 மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும். எனவே மூக்கைவிடக் கடிகாரத்தை நம்புங்கள். நறுக்கிய காய் வெளியில் 2 மணி நேரத்திற்கு மேல் இருக்கலாகாது. 32 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெயில் காலத்தில் 1 மணி நேரமே கெடு.

“கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துப்போகும்” என்று சொல்லும் சமையல்காரர்கள் உண்டு. கிருமிகளில் பெரும்பாலானவை சாகும், மெய்தான். ஆனால் நறுக்குபவரின் கைப்புண்ணிலிருந்து வரும் ஒருவகைக் கிருமி விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழிவதில்லை. மண்ணோடு வரும் சிலவற்றின் வித்துகளும் கொதிநீரைத் தாங்கி நிற்கும். கையில் புண் உள்ளவரைக் காய் நறுக்க உட்கார்த்தாதீர்கள்.

குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளில் 5 டிகிரிக்குக் குறைவாக, மூடிய பாத்திரத்தில் வைத்து 3 நாட்களுக்குள் சமைத்துவிடுங்கள். கீரையை அவ்வளவு நாள் வைக்காதீர்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதவரை சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். செங்கல், மணல் கொண்டு கட்டும் குளிர்தொட்டி முழுக் காய்களுக்கு ஏற்றது. நறுக்கியவற்றுக்கு அந்தக் குளிர்ச்சி போதாது.

பெட்டி இல்லாத வீட்டில் விசேஷம் என்றால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் காய்களைக் கழுவி, நீர் வடித்து, முழுதாகவே காற்றோட்டமாகப் பரப்புங்கள். கத்தியை விடியற்காலை 4 மணிக்கு எடுத்தால் போதும். முதலில் அடுப்பேறும் காயை முதலில் நறுக்குங்கள். தேங்காயைக் கடைசியாகத் துருவுங்கள். அது வெகு சீக்கிரம் புளித்துவிடும்.

கழித்த காயை எருக்குழியில் இட்டு மண் மூடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கும் கோழிக்கும் போட வேண்டாம்.