நோய் நம்முடையது, நோய்ச்சீட்டு யாருடையது?

(ஆய்க்குடியில் பீடித் தொழிலாளர் கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது)



ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, பி.எஃப். பணம் ஏன் இன்னும் வரவில்லை, ஏஜெண்டு ஏன் இலையைக் குறைத்துக் கொடுக்கிறார் என்ற விஷயங்களைப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று கைப்பேசியைப் பற்றியும் நோய்ச்சீட்டைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. ஆனால் ஒரு சட்டத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்ப்பதற்கு நிபுணத்துவம் எதற்கு? கட்டுக்குக் கட்டு எண்ணி, கழிவு போக மிச்சம் என்ன என்று பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்கும் விளங்கும்.

நாள் முழுவதும் தட்டை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து புகையிலைத் தூளைச் சுவாசிக்கிற ஒரு பெண்ணுக்கு விடாத இருமல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் முதலில் பயப்படுவது நோய்க்கா? இல்லை. "காசநோய் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் மகளைப் பெண் கேட்டு யார் வருவார்கள்?" என்றுதான் பயப்படுகிறாள். காசம் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிற நோய்; மறைக்க வேண்டிய பாவம் எதுவும் அதில் இல்லை. அதை நாம் ஆயிரம் தடவை சொல்லுவோம். ஆனாலும் ஒருவருடைய நோயைப் பற்றிய செய்தி யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அவருக்கு வேலை கிடைப்பதும், கடன் கிடைப்பதும், சம்பந்தம் கூடுவதும் இருக்கிற சமுதாயம் இது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கம் 1981-லிருந்து வேலை செய்துவருகிற ஊர் ஆய்க்குடி. உடல்நிலையைப் பற்றி ஒரு காகிதத்தில் எழுதியிருக்கும் இரண்டு வரி ஒரு மனிதனுக்குக் கதவைத் திறக்கவும் செய்யும், அடைக்கவும் செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள்.

அந்தக் காகிதம் இப்போது காகிதமாக இல்லை. கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. போன இடத்தில் பத்திரமாக இருக்கிறதா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் என்ற காப்பீட்டுக் கம்பெனியை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009-ல் தமிழக சர்க்கார் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பிரீமியப் பணம் வாங்கி அதை நடத்தியது இந்தத் தனியார் கம்பெனிதான். 2012-ல் முதலமைச்சர் திட்டம் வந்த பிறகுதான் அந்தப் பொறுப்பு பொதுத்துறையான யுனைடெட் இந்தியா கம்பெனிக்குப் போயிற்று. மருத்துவக் காப்பீடு மட்டும் விற்கிற கம்பெனிகளில் ஸ்டார் ஹெல்த் இந்தியாவிலேயே பெரிய கம்பெனி.

2024 செப்டம்பரில் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் ஒரு விஷயத்தை வெளிக்கொண்டு வந்தது. இந்தக் கம்பெனியிடம் பாலிசி எடுத்தவர்களின் பெயர், விலாசம், போன் நம்பர், அடையாள அட்டைப் பிரதி, ரத்தப் பரிசோதனை முடிவு, என்ன நோய் என்று டாக்டர் எழுதிய குறிப்பு ஆகிய அனைத்தும் டெலிகிராம் என்ற செயலியில் சந்தைச் சரக்காகக் கிடந்தன. கேட்டவருக்குக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்க அங்கே ஒரு தானியங்கி வைத்திருந்தார்கள். மூன்று கோடியே பத்து லட்சம் பேருடைய விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக்கொண்டான். அவன் கம்பெனியிடம் கேட்ட தொகை 68,000 டாலர். ஒரு வயதுப் பெண்குழந்தையின் நோய்க்குறிப்பும் ரத்தப் பரிசோதனையும், சுமார் 15,000 ரூபாய் ஆஸ்பத்திரி பில்லும் கூட அதில் இருந்தன. பத்திரிகைக்காரர்கள் போய்க் கேட்டபோது, "எங்களுக்குக் கம்பெனி ஒரு வார்த்தை சொல்லவில்லையே!" என்றார்கள் பாலிசிதாரர்கள். பெரிய அளவில் ஒன்றும் கசியவில்லை, முக்கியமான விவரங்கள் பத்திரமாக இருக்கின்றன என்றுதான் கம்பெனி ஆரம்பத்தில் சொல்லிற்று. பிறகு டெலிகிராம் மீதும் திருடியவன் மீதும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. திருடியவன் குற்றவாளிதான், சந்தேகமில்லை. ஆனால் அடகு வைத்த நகை களவு போனால் அடகுக்கடைக்காரர் "திருடனைப் போய்க் கேள்" என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா? இங்கே களவு போனது நகையை விடப் பெரிய பொருள். நகையைத் திரும்ப மீட்கலாம். வெளியே போன ரகசியத்தை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

தனியார் கம்பெனி மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பர் 23-ந்தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை மர்ம ஆசாமிகள் முடக்கிப் போட்டார்கள். நாட்டின் தலைசிறந்த ஆஸ்பத்திரியில் சுமார் இரண்டு வாரம் நோயாளிகளின் விவரங்களைக் கையால் எழுதினார்கள். 2023 ஜூனில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் விவரங்கள் அதே டெலிகிராமில் வந்தன. கோவின் தளத்துக்குள் நேரடியாக யாரும் புகவில்லை என்று மத்திய சர்க்கார் மறுத்தது.

சரி, கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாம் கொடுத்த விவரம் இந்தப் பாடு படுகிறது. நாமே வலியப் போய்க் கொடுப்பது இன்னொன்று இருக்கிறது. முழங்கால் வலி என்று கைப்பேசியில் தேடுகிறோம். மறுநாளிலிருந்து முழங்கால் தைலமும் முழங்கால் பட்டையும் விளம்பரமாக நம்மைத் துரத்துகின்றன. நாம் கேட்ட கேள்வியே சரக்காகிவிட்டது! செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்திருக்கிறதே, அதனிடம் இப்போது பிள்ளைகள் வீட்டு நோய்கள் அத்தனையும் சொல்லி வைத்தியம் கேட்கிறார்கள். டாக்டரிடம் சொன்ன ரகசியத்தை டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. கைப்பேசியிடம் சொன்ன ரகசியத்துக்கு அந்தக் கட்டு இல்லை.

பிறகு ஏன் ஜனங்கள் கைப்பேசியிடம் போகிறார்கள்? அறியாமை என்று சொல்லி நகர்ந்துவிடுகிற படித்தவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போயிற்று. வரிசையில் நின்று டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், நாம் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சீட்டைக் கூப்பிட்டாயிற்று. அது டாக்டர் குற்றமா? அவர் முன்னால் இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள். கைப்பேசி எரிந்து விழாது, நடுராத்திரியிலும் பதில் சொல்லும். ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்சும் போதாத இடத்தில்தான் வாட்ஸ்அப் வைத்தியர் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

அவர் சொல்லுகிற அபிப்பிராயத்துக்கு யார் ஜவாப்தாரி? 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் காட்சிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்தி ஓர் இளம்பெண் உயிரை விட்டாள். 2021 ஏப்ரல் 15-ந்தேதி நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்; 17-ந்தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிதான் கொன்றது என்ற வதந்தி கைப்பேசி கைப்பேசியாகப் பறந்தது. விசாரித்த நிபுணர் குழு, மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று அக்டோபரில் சொன்னது. நடுவே ஆறு மாதம்! கொரோனா இரண்டாவது அலை அடித்து ஓய்ந்ததே அந்த ஆறு மாதத்துக்குள்தான். அபிப்பிராயம் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, நான் மறுக்கவில்லை. என் அம்மாவின் சுக்குக் கஷாயத்துக்கு நானும் கட்டுப்பட்டவன். ஆனால் ஜலதோஷத்துக்குக் கஷாயம் என்பது வேறு, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தப் பொடியைச் சாப்பிடு என்பது வேறு.

ஆகவே, நோயை ஒருவரிடமும் சொல்லாதே என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரிடம் மறைக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடி வருகிற சகோதரியிடம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சொல்லுங்கள். காசநோய் கண்டால் டாக்டர் சர்க்காருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அது நம் பிள்ளைகளைக் காப்பாற்ற. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுகிற தைரியம் வர வேண்டுமானால், சொன்னது அங்கேயே நிற்கும் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைத் தர வேண்டியது சட்டம்.

சட்டம் என்ன செய்திருக்கிறது என்று இனிப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 24-ந்தேதி ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வந்ததோ 2025 நவம்பரில். அதிலும் கம்பெனிகளின் முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. கேட்கக் காது குளிர்கிறது. அந்த அபராதம் யாருக்குப் போகிறது? இந்திய சர்க்காரின் கஜானாவுக்கு. ரகசியம் பறிபோனவருக்கு ஒரு காலணா இல்லை!

முன்பு இருந்த நிலை என்ன? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு ஷரத்து. கம்பெனியின் அஜாக்கிரதையால் தகவல் கசிந்து நஷ்டப்பட்டவருக்கு அந்தக் கம்பெனியே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது அது. உடல்நிலை, மனநிலை, மருத்துவக் குறிப்பு ஆகியவை தனிக் காவலுக்குரியவை என்று 2011 விதிகள் பிரித்துக் காட்டின. புதிய சட்டம் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. உங்கள் கர்ப்பப்பை ஆபரேஷனும் உங்கள் போன் நம்பரும் அதற்கு ஒன்றுதான். 43-ஏ ஷரத்தையே நீக்குவதற்கும் அதில் வழி செய்தாகிவிட்டது. எங்கிருந்து இந்த யோசனை வந்ததோ!

நஷ்டஈடெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லுவார் உண்டு. அவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. தூத்துக்குடியில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் கணக்கு வைத்திருந்த ஒருவரின் பணத்தைப் போலி மின்னஞ்சல் அனுப்பி யாரோ எடுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. தமிழகத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் விசாரித்து, 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் வங்கிக்கு உத்தரவிட்டார். அது பணத்தைப் பற்றிய வழக்கு, ஷரத்தும் வேறு. ஆனால் சாதாரண மனிதன் சென்னைக்கு மனுப் போட்டு அதே சட்டத்தின் கீழ் ஈடு வாங்க முடியும் என்று காட்டிய வழக்கு.

இன்னொன்றையும் கேளுங்கள். தப்பான அல்லது அற்பமான புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் என்று புதிய சட்டம் சொல்லுகிறது. எது அற்பம் என்று தீர்மானிக்கப்போவது யார்? பீடி சுற்றுகிற பெண் பத்தாயிரத்தை நினைத்தே வாயை மூடிக்கொள்ள மாட்டாளா? அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, அதிகாரிகள் "தனிப்பட்ட விவரம்" என்று சொல்லிப் பதில் மறுக்கிற வாசலை அகலமாக்கியிருக்கிறது. கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தவர்கள் இதற்கு மட்டும் ஒரு நாள் அவகாசமும் எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டம் மாறும்வரை கைகட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஓ.டி.பி. எண்ணை ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற பிரதி உண்டு. ஜெராக்ஸ் கேட்கிற இடத்தில் அது போதுமா என்று கேளுங்கள். ஆபா என்ற சுகாதார எண் கட்டாயம் அல்ல. அது இல்லை என்று சிகிச்சை மறுத்தால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தால் கூடப் பணம் கை மாறிவிடும்.

நமது சங்கத்தில் ஒரு மனுத் தயாரித்திருக்கிறோம். கேட்பது மூன்று. மருத்துவ விவரத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். விவரம் பறிபோனவருக்கு நேரடி நஷ்டஈடு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அபராதம் என்கிற ஷரத்தை ரத்துச் செய்ய வேண்டும். ஒரு பிரதி மத்திய மின்னணு அமைச்சகத்துக்கு, ஒன்று நமது நாடாளுமன்ற உறுப்பினருக்கு. காகிதம் இந்த மேஜையில் இருக்கிறது. கையெழுத்தோ கைரேகையோ வையுங்கள், பேரையும் ஊரையும் எழுதுங்கள். போன் நம்பரும் ஆதார் எண்ணும் எழுத வேண்டாம். அதற்கு அதில் இடமும் விடவில்லை.