மீண்டும் எழுதுவோம்



வெள்ளி விழாக் காணும் இந்நாளில் ஒரு குறையை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் நம் பிள்ளை ஒரு பாடத்தில் தவறிவிட்டால், படிப்பு ஏறவில்லையென்று மறுநாளே தறியில் அமர்த்திவிடுகிறோம். முன்பணம் வாங்கிய பின் அவன் படிப்புக்குத் திரும்புவதில்லை. மகளாயின் மணம் பேசத் தொடங்குகிறோம்.

1922-இல் அண்ணல் அம்பேத்கர், ரூபாயின் சிக்கலைப் பற்றி இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேடு ஒன்றை அளித்தார். தேர்வாளர்கள் திருத்தி எழுதுமாறு பணித்தனர். அவர் மனம் தளரவில்லை. மீண்டும் எழுதி, 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவருக்கே மறுமுறை எழுத நேர்ந்ததென்றால், நமக்கு அதில் நாணம் எதற்கு?

தேர்ச்சிக்கு நூற்றுக்கு 35 மதிப்பெண்களே வேண்டும். தவறிய பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும். முடிவு வெளியான சில வாரங்களிலேயே அது நடைபெறுகிறது. தேறியோர் அவ்வாண்டே கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். நம் காஞ்சியிலேயே 1947 முதல் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி இருக்கிறது. நம் மாணவர்க்கு அரசின் கல்வி உதவித்தொகையும் உண்டு.

பாவில் ஓர் இழை அறுந்தால் நாம் சேலையை எறிந்துவிடுவதில்லை. இழையைப் பிணைத்து நெய்கிறோம். பிள்ளைகளுக்கும் அவ்வாறே செய்வோம். முடிவு வந்தவுடன் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் செய்வோம். கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு நாமே கூடிக் கட்டுவோம்.