மூடா ஆற்று இறாலும் உப்புத் தண்ணீரும்



ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் சுங்கைப் பட்டாணி, கோல கெட்டில் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தூண்டிலும் மண்புழு டின்னுமாக மூடா ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் உண்டு. எதற்குப் போகிறார்கள்? நீண்ட நீலக் கொடுக்குள்ள பெரிய இறாலுக்காகத்தான். மலாய்க்காரர்கள் அதை உடாங் காலா என்கிறார்கள். நம் வீடுகளிலும் அதே பெயர்தான். காலா என்றால் நீண்ட கழி. அந்தக் கொடுக்கைப் பார்த்தவர்களுக்குப் பெயர் பொருத்தமென்று தெரியும்.

ஆற்றில் பிடிக்கிறோம். ஆகையால் அது ஆற்றுப் பிராணி என்று எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான்.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பினாங்கு குளுகோரிலிருந்த மீன்வள ஆய்வுக்கூடத்தில் ஷாவ் வென் லிங் என்ற அறிஞர் இந்த இறாலை வளர்க்க முயன்றார். ஐக்கிய நாட்டு உணவு விவசாய நிறுவனத்தின் சார்பில் மலாயாவுக்கு வந்தவர் அவர். தாய் இறால் தொட்டியில் முட்டை பொரித்தது. ஆனால் ஆற்று நீரில் விட்ட குஞ்சுகள் சில நாட்களுக்குள் செத்துப்போயின. தீனி கொடுத்தும் பயனில்லை. கடல்நீர் கலந்த தண்ணீரில்தான் அவை பிழைத்தன. முழுக் கடல்நீரும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு உப்பு இருந்தால் போதும். அதாவது கோல மூடா கழிமுகத்துத் தண்ணீரைப் போல!

ஆற்றில் நடப்பதும் இதுதான். சினைபிடித்த பெண் இறால் நீரோட்டத்தோடு கீழே இறங்கிக் கழிமுகத்துக்கு வருகிறது. நன்கு வளர்ந்த ஓர் இறால் வயிற்றுக்கடியில் 80,000 முதல் 1,00,000 முட்டைகள் வரை சுமக்கும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் பொரிக்கும். வெளிவரும் குஞ்சு இறாலைப் போலவே இராது. கொசுப்புழு அளவில், தலைகீழாக, வால் முன்னே போக நீந்தும். விஞ்ஞானிகள் இதனை லார்வா என்பார்கள். பதினொரு பருவங்களைக் கடந்த பிறகுதான் அது இறால் உருவம் பெறுகிறது. அதற்குக் குறைந்தது 16 நாட்கள், பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும்.

பிறகு நடப்பதுதான் அதிசயம். அரை அங்குலங்கூட இல்லாத அந்தக் குட்டி இறால் ஓட்டத்தை எதிர்த்து ஆற்றில் ஏறத் தொடங்குகிறது. ஈரமிருந்தால் செங்குத்தான கல்லிலும் ஏறும், தரையிலும் சற்றுத் தூரம் ஊர்ந்து போகும்.

ஏன் இத்தனை பாடு, ஆற்றிலேயே பொரித்து வளர்ந்தால் என்ன என்று கேட்கலாம். இதன் முன்னோர்கள் கடல்வாசிகள். நண்டு, கடல் இறால், கெராங் சிப்பி எல்லாமே சின்னஞ்சிறு முட்டைகளை ஏராளமாக இட்டுக் குஞ்சுகளைக் கடலில் மிதக்க விடுகின்றன. சிறு முட்டையில் கட்டுச்சோறு குறைவு. குஞ்சு பிறந்த உடனே தானே தேடித் தின்ன வேண்டும், அந்த நுண்ணிய தீனி கடலிலும் கழிமுகத்திலும்தான் நிறைய உண்டு. நீரோட்டம் அவற்றைப் புது இடங்களுக்கும் கொண்டுபோகும். ஆனால் பெரும்பாலானவை மீன்வாய்க்குப் போய்விடும். லட்சத்தில் இரண்டு தப்பிப் பெரிதாகி இனம்பெருக்கினாலே தாய் தகப்பன் இடம் நிரம்பிவிடும்.

எல்லாப் பிராணிகளும் இந்த வழியில் போவதில்லை. நம் கோயில்களில் ஊதும் சங்கு மன்னார் வளைகுடாவில் வாழ்வது. அது ஆட்டுக் கொம்பைப் போல முறுக்கிய கூடு ஒன்றில் முட்டையிடுகிறது. உள்ளேயே வளர்ந்து, ஓட்டோடு ஊர்ந்து வெளிவருகிறது குட்டிச் சங்கு. நம் உடாங் காலாவின் சில உறவினங்களும் மலையோடைகளிலேயே தங்கிவிட்டன. கடல் எட்டாத தூரமாதலால் அவை சில பத்து முட்டைகளே இடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் பெரியது. குஞ்சு ஏறக்குறைய இறாலாகவே பிறக்கும். உடாங் காலாவோ இன்னும் பழைய வழியை விடவில்லை. மேல்நாட்டார் இதைப் பரிணாமம் பற்றிய பெரிய பாடமாகப் படிக்கிறார்கள். நமக்கு அது ஆற்றங்கரைப் பாடம்.

லிங் கண்டதை வைத்துத்தான் குஞ்சு வளர்ப்பு பிறந்தது. 1965இல் மலேசிய இறால்கள் ஹவாய்த் தீவுக்குப் போயின. 1972க்குள் அங்கே தாக்குஜி ஃபுஜிமுரா என்பவர் குஞ்சுகளைப் பெருந்தொகையாக வளர்க்கும் முறையை உருவாக்கினார். இன்று சீனா, இந்தியா, வங்காள தேசம் எங்கும் குளத்தில் வளர்க்கிறார்கள்.

குளத்து இறாலுக்கு மனிதன் உப்புத் தண்ணீர் கலந்து கொடுப்பான். ஆற்று இறாலுக்கு யார் கொடுப்பது? அதற்கு மேலிருந்து கடல்வரை வழி திறந்திருக்க வேண்டும். மூடா ஆற்றின் கீழ்ப்பகுதியில் தடுப்பணை உண்டு. அணைகள் வயலுக்கும் குடிநீருக்கும் தேவைதான், ஆனால் ஏறி இறங்கும் பிராணிக்கு அவை மதில். அதைப் பற்றி நாம் ஒன்றும் செய்ய முடியாது. தூபா வேரை நசுக்கி ஆற்றில் கலப்பதும், மருந்தடித்த பம்பை ஓடையில் கழுவுவதும் அப்படியல்ல, அவை நம் கையில் இருப்பவை. தூபா நஞ்சு பெரிய இறாலை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. அவ்வாறு பிடிப்பது சட்டப்படியும் குற்றம்.

இன்னொன்று. தூண்டிலில் சினை இறால் சிக்கினால் முட்டையின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு நிறமாக இருந்தால் பொரிக்க நாளிருக்கிறது. சாம்பல் நிறமாகக் கறுத்திருந்தால் இரண்டு மூன்று நாள்தான் பாக்கி. மெதுவாகக் கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டால் அது கீழே போய்விடும்.