விலைக்கு வாங்கப்படும் சாட்சியம்



வியாபாரத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செயல்களுள் ஒன்றிற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், வாங்குபவரைப் போல் கூட்டத்தில் நின்று விலையை ஏற்றிவிடுவது அது. பொருளில் இல்லாத சிறப்பைச் சொல்லிப் பிறரை வாங்கத் தூண்டுவதையும் அறிஞர்கள் இதில் சேர்க்கின்றனர். இதைத் தடுக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அன்று சந்தையில் நடந்தது இன்று நம் கைப்பேசிக்குள் நடக்கிறது.

உத்திரமேரூரிலும் அதனைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் திருமணத்திற்குப் பட்டு எடுப்பதென்றால், விவரமறிந்த பெரியம்மாவையோ மாமியையோ அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் செல்வார்கள். இன்று வீட்டிலிருந்தபடியே படத்தைப் பார்க்கிறோம், அதன் கீழுள்ள நட்சத்திரங்களை எண்ணுகிறோம், பணத்தைச் செலுத்திவிடுகிறோம். 2004ஆம் ஆண்டு அறிமுகமான 'சில்க் மார்க்' முத்திரை சேலையில் உள்ளதா என்று கேட்பவர் குறைவு. முகமறியாத ஆயிரம் பேரின் சொல், அந்தப் பெரியம்மாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகளை அனைவரும் அறிவர். குடவோலை முறையைப் பற்றித்தான் பெரிதும் பேசுகிறோம். ஆனால் அதே 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் பொன்னுக்கென்று ஒரு வாரியமும் சொல்லப்படுகிறது. கணக்குக் காட்டாதவர் வாரியத்தில் அமர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. மதிப்பிடும் பொறுப்பில் இருப்பவர் யார் என்று ஆராய்ந்த ஊர் இது.

இன்றைய நட்சத்திரங்களை இட்டவர் யார்? பொருளோடு வரும் பொட்டலத்திலேயே, ஐந்து நட்சத்திரம் இட்டுப் படம் அனுப்பினால் பணம் திரும்பத் தரப்படும் என்ற அட்டையைப் பலர் கண்டிருப்பீர்கள். அந்தச் சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு நன்றாக இல்லாததை நன்று என்று எழுதுவது, கூலிக்குச் சொன்ன பொய்ச் சாட்சியே. பொய்ச் சாட்சியத்தைப் பற்றி எச்சரிக்கும்போது, சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, அதைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் 'ஐ.எஸ். 19000' என்னும் தரநிலையை வெளியிட்டது. விற்பவர் விலைகொடுத்து எழுதச் செய்த கருத்துரைகளை வெளியிடக் கூடாது என்கிறது அது. ஆயினும் கட்டாயமில்லாத, விரும்பினால் ஏற்கும் நெறியாகவே அது வந்தது. அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு போலிக் கருத்துரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதியே இயற்றப்பட்டது.

எனவே விசாரிக்கும் கடமை நம்மிடமே உள்ளது. நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் ஏவுகிறது. ஒரே நாளில், ஒரே சொற்களில் குவிந்த புகழுரைகளை ஐயத்தோடு பாருங்கள். மூன்று நட்சத்திரம் இட்டவர் எழுதியதைப் பொறுமையாகப் படியுங்கள். நிறையையும் குறையையும் சேர்த்துச் சொல்பவர் பெரும்பாலும் அவர்தான். தானியக் குவியலின் ஈரத்தை அடியில் மறைத்த வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இணையத்தில் அந்த ஈரம் கடைசிப் பக்கங்களில் கிடக்கிறது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளின் கைப்பேசியையும் கவனியுங்கள். உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் நட்சத்திரம் இட்டால் நாள்தோறும் வருமானம் என்று வாட்ஸ்அப், டெலிகிராம் வழியே அழைப்பு வருகிறது. முதலில் நூறோ இருநூறோ உண்மையாகவே தருவார்கள். பிறகு பெரிய வேலைக்கு முன்பணம் கேட்பார்கள். கட்டிய பணத்தை மீட்க மேலும் கட்டச் சொல்வார்கள். இவ்வழியில் சேமிப்பை இழந்தவர்கள் பலர். அவ்வாறு யாரேனும் சிக்கியிருந்தால், வெட்கப்பட்டு மறைத்து வைக்காமல், தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்திற்குள் சொன்னால்தான் அதைத் தடுத்து நிறுத்த வழி கிடைக்கும்.