பின்னால் வருகிற படகு



கனடாவில் இருக்கும் எங்களைப் பார்த்து, ‘உயிருக்குப் பயந்து ஓடினவர்கள்’ என்று சிலர் சொல்வதுண்டு. ஓடியது உண்மை. ஆனால் எங்களில் எத்தனை பேர் நாங்களாகவே வெளிக்கிட்டோம்? வீட்டில் எல்லாரும் கூடிப் பேசி அனுப்பிவைத்த பிள்ளைகள் நாங்கள்.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, மீசை அரும்பிய பிள்ளை உள்ள வீட்டில் தாய்க்கு நித்திரை இல்லை. 1987இல் வடமராட்சியில் இராணுவத்தினர் பெடியன்களைச் சுற்றிவளைத்துப் பிடித்து, கப்பலில் ஏற்றி, காலிக்குப் பக்கத்தில் பூசா முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆயுத இயக்கங்களும் பிள்ளைகளைக் கேட்டன. ஒருத்தனாவது மிஞ்சட்டும் என்று காணியை ஈடு வைத்தார்கள். பெரியப்பா கொஞ்சம், மாமா கொஞ்சம் என்று சேர்த்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் கொடுத்தார்கள். போதாததற்கு அக்காவின் சீதன நகையும் போனது. தம்பியின் பயணத்துக்காகத் தன் கலியாணத்தைத் தள்ளிவைத்த அக்காமாருக்கு எந்த மேடையில் நாங்கள் மாலை போட்டோம்? தம்பி இங்கே கோப்பை கழுவிக் கடனடைத்த கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

அன்று கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போனவர்கள் ஏராளம். 1985இல் அந்த வழியையும் அடைத்தார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதம், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் கண்டார். கடலில் கிடப்பவரிடம் அவர் விசாவா கேட்டார்? படகில் இருந்தவர்கள் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். கப்பலேறியது மேற்கு ஜெர்மனியில் என்று பிறகு தெரிந்தது. பத்திரிகைகள் கொதித்தன. அப்படியிருந்தும் இந்த நாடு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

2010இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் கனடாவுக்கு வந்தபோது, குழந்தைகளோடு தாய்மாரையும் தடுத்து வைத்தார்கள். அப்போது எங்கள் ஆட்களிலேயே சிலர், ‘ஒழுங்கான வழியால் வரலாம்தானே’ என்றார்கள். அந்தப் பேச்சு இன்றும் எனக்கு வலிக்கிறது. எங்களில் யார் ஒழுங்கான வழியால் வந்தது?

ஊரில் இருப்பவர்கள் எங்களைவிடப் பெருமனசுக்காரர். 2024 டிசம்பரில், நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகள், சிறு பிள்ளைகளோடு, படகில் முள்ளிவாய்க்கால் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். 2009 போரில் எல்லாவற்றையும் இழந்த அதே சனம்தான் அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தது. அவர்களைத் திருப்பி அனுப்பாதே என்று முல்லைத்தீவில் வீதிக்கு இறங்கியதும் அந்தச் சனம்தான்.

செயற்குழுவிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாச் செலவில் பத்தில் ஒரு பங்கை, தனியாக இங்கே வந்து சேர்கிற அகதிப் பிள்ளைகளின் வழக்கறிஞர் செலவுக்கு ஒதுக்குங்கள். தமிழ்ப் பிள்ளையா என்று பார்க்க வேண்டாம். இதை இன்றே தீர்மானமாக எடுங்கள். பொருளாளர் தம்பி, முதல் ஆயிரம் டொலரை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.