வாராதோரும் நம்மவரே
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆலயத்திற்கு வாராதோரை வரவேற்பது எங்ஙனம் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். நெல்லிவாசல்நாட்டில் பணியாற்றும் ஆசிரியருக்கு வாசலைப் பற்றித் தெரிந்திருக்கும் என எண்ணினீர்கள் போலும்!

வாராதோரைக் குறித்துப் "பக்தி குறைந்துவிட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றோம். அவர்களுள் பலர் முன்பு வந்து பார்த்தவர்கள் என்பதை மறந்துவிடுகின்றோம். எம் இளமையில், சமவெளி ஆலயம் ஒன்றில், முன்வரிசைப் பாயில் அமர்ந்திருந்த எம் தந்தையாரை எழுப்பிப் பின்னே அனுப்பினர். அவர் சண்டையிடவில்லை. அடுத்த ஞாயிறு மாட்டுக்குப் புல் அறுக்கப் போனார். இறக்குமளவும் ஞாயிறுதோறும் புல் அறுத்தார்.

இஃது ஓர் ஊரின் கதையன்று. வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டு எழுந்த ஆலயம் கால்சட்டையின் இரு கால்கள்போல் பிரிந்து, பலிபீடத்தருகே மட்டும் ஒன்றுகூடுமாறு அமைக்கப்பட்டது. சாதி பார்த்தே மக்கள் பிரித்து உட்காரவைக்கப்பட்டனர். 1910இல் தடுப்பு நீக்கப்பட்டபோது, நீக்கியது தவறென்று வழக்கே தொடுத்தனர். எறையூரில் தனிப்பங்கு கேட்ட நம் மக்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டனர். அக்கலவரத்தில் காவல்துறையினர் சுட்டதில் இருவர் மாண்டனர். இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த இளைஞன், கதவு திறந்திருக்கிறது என்பதற்காக மட்டும் உள்ளே வந்துவிடுவானா?

இன்னொரு தடை சான்றிதழ். பள்ளிச் சேர்க்கையின்போது நாம் ஆண்டுதோறும் காண்பது இது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்கு மதத்தை நிபந்தனையாக்கியது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் நம்மவர் மதம் மாறினால் பிற்படுத்தப்பட்டோர் ஆகிவிடுகின்றனர். தீண்டாமை மட்டும் பழைய பட்டியலிலேயே இருக்கின்றது! பழங்குடியினருக்கான ஆணையில் மத நிபந்தனை இல்லை. ஆகவே, ஆலயத் திண்ணையோடு நின்றுவிடும் இளைஞனைக் கோழை என்று ஏசாதீர்கள். வந்தவுடன் பெயர், குலம், ஞானஸ்நானம் என்று பதிவேட்டைத் திறக்காதீர்கள். உட்காரச் சொல்லித் தேநீர் கொடுங்கள், போதும்.

நம் மலையடிவாரத் திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டு மருத்துவர் இருவர், சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்து நாட்டவரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும், கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். கதர் உடுத்தி, நோயாளிகளைப் பார்த்து, திராவிடக் கோயிற் பாணியில் ஜெபாலயமும் எழுப்பினர். அதன் கட்டட அழகைப் பலர் புகழ்வர். நமக்கு அது பெருஞ்செய்தியன்று; கோபுரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நம் பாட்டனார் நின்றார் என்பதை நாம் அறிவோம். அவ்விருவரையும் மக்கள் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தனரே, அதுவே நமக்குச் செய்தி. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு அவர்களும் 'பரட்டை அண்ணன்' என்றே அறியப்பட்டார். சாவுக்கு மட்டுமே உரியதென்று ஒதுக்கப்பட்ட பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டிற்குள் கொண்டுவந்தவர் அவர்.

இனி, நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பாயிலிருந்து எழுப்பப்பட்ட நாம், மலைவாழ் மக்களை எங்கே உட்காரவைக்கின்றோம்? சாமை அறுக்கும் நாளில் காலை ஒன்பது மணிக்கு ஆராதனை வைத்துவிட்டு, மலையாளிகள் வருவதில்லை என்று குறைப்படுகின்றோம். இரவு ஏழு மணிக்கு வைத்தால் என்ன? அவர்களுள் ஒருவரையேனும் வேதபாடம் வாசிக்கச் சொன்னோமா? 'காட்டார்' என்று நம் வாயாலேயே சொல்லிச் சிரிக்கின்றோமே!

எம் இல்லத்திற்குத் தேன் கொண்டுவரும் மூதாட்டி ஒருவர் சென்ற ஆண்டு, "உங்க கோயில்ல எங்கள உள்ள விடுவீங்களா சாமி?" என்று கேட்டார். கூசிப்போனோம். எம் தந்தையார் பிறர் வாசலில் நின்று சொன்ன அதே சொல். "சாமி வேண்டாம் பாட்டி, தம்பி என்று கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்றோம். சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். இன்னும் வரவில்லை. தேன் மட்டும் மாதந்தோறும் வருகின்றது. அழைப்பது இன்னும் 'சாமி' என்றுதான்.